கட்டைவிரல்

ரேஷன் கடை மெஷினுக்கு
என்னைத் தெரியவில்லை.

வலது கட்டைவிரல். சிவப்பு விளக்கு.
இடது. சிவப்பு.
"தலையில தேய்ச்சிட்டு வைம்மா" என்றார் தவமணி.
எண்ணெய் ஏறிய விரலுக்கும் சிவப்பு.
"மாதேஸ்வரிதானே நீ?"
தவமணிக்குத் தெரிகிறது,
அவர் கையில் இருப்பதற்குத்தான் தெரியவில்லை.
பின்னால் வரிசை முனகியது.

இதைப் போன வருடம் ஆனியிலிருந்து சொல்ல வேண்டும்.
காவேரிப்பட்டணம் தாண்டி மாங்கூழ் கம்பெனி.
பெங்களூரா காய்க்குக் காம்பறுப்பது என் வேலை.
ஒவ்வொரு காம்பும் ஒரு சொட்டுப் பால் துப்பும்.
காய் பழுத்து, கூழாகி, டின்னுக்குள் போய்
கப்பல் ஏறும் என்பார்கள்.
துப்பியது என் கையோடு தங்கிவிடும்.
கிளவுஸ் கொடுத்தார்கள், கிழிந்தது.
கிழிசல் வழி உள்ளே போன பாலுக்கு
வெளியே வர வழி தெரியாது.

விரல் இடுக்கில் முதலில் பொரிப்பொரியாய்.
அப்புறம் ராத்திரி பூரா
பாய்க்கோரையில் கையைத் தேய்த்துக் கிடந்தேன்.

பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் திருமால்
கையை நீட்டச் சொல்லவில்லை.
"அரிப்பா?" என்றான்.
டியூபை எடுத்து வைத்தான்.

அன்றைக்குத் தூங்கினேன்.
இதையும் சொல்லத்தான் வேண்டும்:
முதல் மூன்று நாள் அது தெய்வம்.

கை ஆறியதும்
கன்னத்து மங்குக்குத் தடவிப் பார்த்தேன்.
வெளுத்தது.
"என்ன பவுடர்டி?" என்றாள் கூடை தூக்கும் நவரத்னா.
சொன்னேன்.
என் வாயால்தான் சொன்னேன்.
பதினோரு பேர் நெருங்கி உட்காரும் வேனில்
சுண்ணாம்பு டப்பாபோல் கைமாறியது டியூப்.

ஐந்தாவதோ ஆறாவதோ வாங்கும்போது
சீசன் முடிந்திருந்தது, கை ஆறியிருந்தது.
இருந்தும் வாங்கினேன்.
ஒரு நாள் விட்டால் முகம் கேட்டது.

வெயில் பட்டால்
மிளகாய் அரைத்த கைபோல் காந்தியது கன்னம்.
தாடையில் பூனைமயிர்.
வெங்காயச் சருகுக்கு அடியில் தெரிவதுபோல
நூல் நூலாய்ச் சிவப்பு நரம்பு.
மாசம் ஒருமுறை ஓசூரிலிருந்து வருகிற வீட்டுக்காரர்
லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு
"யார் அடிச்சது?" என்றார்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில்
டாக்டரம்மா டியூபை வாங்கி
எறும்பு எழுத்தை எனக்காக வாய்விட்டுப் படித்தாள்.
"மூணு மருந்தை ஒண்ணா கலக்கி வச்சிருக்கான்.
அரிப்பை அடக்குறது ஒண்ணு.
அதுவே தோலையும் தின்னும்."
வேற மருந்து?
"நிறுத்துறதுதான்.
நிறுத்தினா எரியும். பயந்து மறுபடி தடவாதே."

ரேகை திரும்ப வருமா என்று கேட்டேன்.
என் கட்டைவிரலைப் பிடித்து
ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"சில மாசம் ஆகலாம்" என்றாள்.
அதை அரிசிக்கு யார் சொல்வது.

எரிந்தது.
ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது.
இந்த சீசன் வேனில்
துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
யாரும் பவுடர் பேர் கேட்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள் ராத்திரி
விரல் இடுக்கில் பழைய அரிப்பு.
அடடா, நீயா என்றேன்.
மாம்பால் அரிப்பு, என் சம்பளத்தில் வந்தது,
காரணம் தெரிந்த அரிப்பு.
எழுந்து உட்கார்ந்து
சொறியாமல் கொஞ்ச நேரம் அதோடு இருந்தேன்.

நேற்று மறுபடி ரேஷன் கடை. சிவப்பு.
தவமணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு
நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அளந்தார்.

வீட்டு வாசலில் நவரத்னா.
தங்கச்சிக்குத் தை மாசம் கல்யாணமாம்.
"அந்த டியூப் மிச்சம் இருக்கா?"
துப்பட்டாவை இறக்கி
லைட்டுக்கு நேரே முகத்தைக் காட்டினேன்.
பார்த்தாள்.
நன்றாகவே பார்த்தாள்.

"கொஞ்சூண்டு போதும்" என்றாள்.

இல்லை என்றேன்,
பரண் பக்கம் கண்ணைத் திருப்பாமல்.